நீ குப்பைக்குள் போட்ட இரண்டு நிமிடம்

என் உயிர் மச்சான் நூர்தீனுக்கு,

கிண்ணியாவுக்குப் பாலம் திறந்ததற்குப் பிறகு, தம்பலகாமத்து வயலெல்லாம் ஒரே குளமாகக் கிடந்த அந்தப் பெருவெள்ளம் வருவதற்கு முதல், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட வருசம் அது. நீ பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறிக் கடலைக் கடந்து வந்த காலம் முடிந்து, மோட்டார் சைக்கிளை நேராக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தத் தொடங்கின வருசம். நிலாவெளியில் வெள்ளைக்காரர் திரும்பவும் வந்து வெயிலில் படுத்திருந்ததை நாங்கள் இருவரும் ஏதோ அதிசயம் மாதிரி நின்று பார்த்த வருசம். எனக்கு மேல்வரிசையில் கடைசிப் பல்லும் போனது அந்த வருசம்தான். அந்த ஆவணியில்தான் என் மகள் வசந்திக்குக் கலியாணம். நீதான் வீடியோ எடுத்தாய்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் றிஸ்வானா எழுதுகிறாள். என் வாயில் வருகிற பேச்சை அவள் தன்னுடைய ரீச்சர் தமிழில் திருத்தித்தான் போடுகிறாள். "ஆக்கள் கதைச்சதை மட்டும் கதைச்ச மாதிரியே போடு மகள்" என்று சொல்லியிருக்கிறேன். அதில் கைவைக்கக் கூடாது. ஏன் என்று நீ கேட்கமாட்டாய்.

நீ போய் ஒரு வருசமும் இரண்டு மாதமும். உன்னை அடக்கின அன்றைக்கு நான் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு மையவாடி மதிலுக்கு வெளியே நின்றேன். உன் மச்சினன்மார் வந்து உள்ளே கூட்டிப்போனார்கள். மூன்று பிடி மண் நானும் போட்டேன். அதற்குப் பிறகு உன்னோடு கதைக்க இன்றைக்குத்தான் வாய் வந்திருக்கிறது.

ஊர்ப் புதினம் கேட்பாய். மான்கள் இன்னும் பஸ் ஸ்ராண்டுக்கு வந்து ஆட்களின் பையை இழுக்கின்றன. நாங்கள் வேலை செய்த இழுவைப் படகு நின்ற இடத்தில் இப்போது சங்கிலி போட்டு அடைத்திருக்கிறார்கள். நீ விஞ்ச் பிடிக்க, நான் கயிறு பிடிக்க, பன்னிரண்டு வருசம் நின்ற இடம். கப்பலால் இறக்கின மூட்டையில் எழுதியிருக்கிறதை நீ வாசிப்பாய். நான் மூட்டையின் தையலைப் பார்த்தே அரிசியா மாவா என்று சொல்லிவிடுவேன். பிறகு நீ ஒரு கப்பல்காரனிடம் கமெரா வாங்கி, அதோடே போய்விட்டாய். எனக்குக் கயிறு மிஞ்சினது.

போன மாதம் றிஸ்வானா என் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பேணியோடு வந்தாள். நான் பலகாரம் என்று நினைத்தேன். திறந்தால், துவாயில் சுற்றின மூன்று கறுப்புப் பெட்டி, ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவு. நீ எடுத்த கலியாணமெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். வீட்டுக்கு வீடு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டிகளைத் துடைத்துத் தன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்று பார்க்கிறாள். அவள் அங்கே பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறாள்தானே.

"மாமா, வாப்பா ஒண்டுக்கும் பேர் போடல்ல. எல்லாம் இலக்கம். ஆர்ட கலியாணம் எண்டு எனக்கு எப்படித் தெரியும்? ஆள் அடையாளம் தெரியாட்டி கந்தையாட்டக் கேள், அவன்ட தலைக்குள்ள எல்லாம் இரிக்கு எண்டு வாப்பா அடிக்கடி சொல்லுவாரு."

"உன்ர வாப்பா என்னை எண்ணூறு பக்கக் கொப்பி எண்டு நினைச்சவன்" என்றேன்.

ஆனால் சொன்னேன், மச்சான். மூன்று நாள், ஒவ்வொரு பின்னேரமும். அவள் ஒரு முகத்தைக் காட்டுவாள். நான் சொல்வேன்: இது காற்றுக்குப் பந்தல் விழுந்த கலியாணம். இது மாப்பிள்ளைக்கு விக்கல் பிடித்து ஐயர் மந்திரத்தை நிறுத்தினது. இது கிண்ணியாவில், உன் மச்சினிச்சியின் நிக்காஹ், ஆட்டுக்கறி போதாமல் பிறகு கோழி அடித்தது. அவள் சிரித்துச் சிரித்து எழுதினாள்.

மூன்றாம் நாள் இரண்டாவது பெட்டியில் அவளுக்கு ஏதோ இடித்தது.

"தெரியிற சாமானையெல்லாம் கூட்டினாலும் பெட்டி சொல்லுற அளவு வரல்ல மாமா. கொஞ்சம் குறையுது. உள்ளுக்கு என்னவோ ஒளிச்சிரிக்கு."

எதையோ தட்டினாள். அதுவரை இல்லாத மூன்று உறைப் படம் திரையில் வந்து நின்றது. மற்றவை எல்லாம் பளிச்சென்ற மஞ்சள். இந்த மூன்றும் வெளிறின மஞ்சள், துவைத்துத் துவைத்துச் சாயம் போன சட்டை மாதிரி. எழுத்துத் தெரியாதவனுக்கும் அது விளங்கும். இவை வாசலுக்கு வராத ஆட்கள்.

"இது என்ன மகள்?"

"சிஸ்டம் போல்டர் மாமா. கொம்பியூட்டர் தனக்கெண்டு வச்சிருக்கிறது. ஆரும் தெரியாமக் கைவச்சிடுவாங்க எண்டு மறைச்சு வைக்கும்." ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "இந்த முதலாவது, கொம்பியூட்டர்ட சொந்தக் குறிப்பு. அழிச்சா அது திரும்பவும் தானே எழுதிக்கொள்ளும். நமக்கு நட்டமும் இல்ல, லாபமும் இல்ல. ரெண்டாவது, கரண்ட் போன நேரம், பெட்டியைச் சட்டெண்டு கழட்டின நேரம், உடைஞ்ச துண்டுகளைப் பொறுக்கிப் போட்டு வச்சிரிக்கிறது. அநேகமா ஒண்டுக்கும் உதவாது."

"மூண்டாவது?"

"அது குப்பைத் தொட்டி. இந்தப் பெட்டியில இருந்து வாப்பா அழிச்ச சாமான். அழிச்சா உடனே போகாது மாமா. இதுக்குள்ளதான் வந்து கிடக்கும். தொட்டியைக் கொட்டினாத்தான் போகும். வாப்பா கொட்டல்ல."



"அழிக்கலாமா?" என்று கேட்டேன்.

"மூண்டையும் அழிக்கலாம். பெட்டி பழுதாகாது. தொட்டியைக் கொம்பியூட்டர் திரும்பவும் புதுசாச் செஞ்சு வச்சிடும். ஆனா உள்ளுக்குள்ள கிடக்கிறது போனா போனதுதான்."

"அப்ப அழி மகள். குப்பைதானே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவ்வளவு அவசரமாக ஒன்றும் சொல்லாத ஆள் என்பது அவளுக்குத் தெரியும். "பாக்காமலா? முடிவு நீங்கதான் சொல்லணும். நாளைக்குச் சொல்லுங்க" என்றாள். கணினியை மூடித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மச்சான், அந்தத் தொட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நீ. நீ கிண்ணியா மண்ணுக்குள் கிடக்கிறாய்.

இனி வாசிக்கிறவர்களுக்கும் சொல்லவேண்டும்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள், கனகம். இருபத்தாறு வயதில் அவளுடைய புருசன் கொட்டியாரக் குடாவில் வள்ளம் கவிழ்ந்து போனார். அன்றிலிருந்து என் வீட்டில். என் பெண்சாதி மகேஸ் வசந்தியைப் பெற்றுவிட்டு ஒரு வருசம் பாயோடு கிடந்தாள். பிள்ளையைக் குளிக்கவார்த்தது, பால் கரைத்தது, தோளில் போட்டுத் தட்டினது எல்லாம் அக்காதான். வசந்தி முதலில் அம்மா என்று கூப்பிட்டது அவளை, பிறகு அது பெரியம்மா ஆனது. மகேஸுக்கு அதில் கோபம்கூட வரவில்லை.

ஆனால் நல்லது கெட்டது என்று வந்தால் அக்கா அடுப்படியில், குசினிக் கதவோடு நின்றுவிடுவாள். யாரும் நில் என்று சொல்வதில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. படம் எடுக்கிற நேரம் ஏதாவது வேலையைப் பிடித்துக்கொண்டு மறைந்துவிடுவாள். அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படத்தைத் தவிர அவளுக்கு வேறு படமே இல்லை.

கலியாணத்தில் கூறைச் சீலையையும் தாலியையும் ஒரு தட்டத்தில் வைத்துச் சபையில் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் தொட்டு வாழ்த்து வாங்குவோம். உனக்குத் தெரியும், எத்தனை தரம் அந்தத் தட்டத்துக்குப் பின்னால் கமெராவோடு நடந்திருப்பாய். வசந்தியின் கலியாணத்திலும் தட்டம் போனது. வசந்தி மணவறையில் சபையைப் பார்த்து இருந்தாள், பின்பக்கம் நடந்தது அவளுக்குத் தெரியாது. தட்டம் சபையைச் சுற்றி முடிந்ததும், மாப்பிள்ளையின் தாய் பூரணம் அம்மா அதைத் தன் கையில் வாங்கி, மணவறைக்குப் போகாமல், பின்பக்கம் போனார். நீயும் பின்னால் போனாய். குசினி வாசலில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு முன்னால் தட்டத்தை நீட்டி, தொடச் சொன்னார். அக்கா தொட்டாள்.

ஒரு கிழமை கழித்து உன் கடைக்குள் இருந்து நானும் நீயும் வீடியோவைப் பார்த்தோம். வெளிநாட்டுக்கு அனுப்ப முதல் ஒருக்காப் பார் என்று நீதான் கூப்பிட்டாய். அந்த இடம் வந்தது. தட்டம் அக்காவுக்கு முன்னால் நீண்டதும் நான் எழும்பிவிட்டேன்.

"வெட்டு."

"என்ன மச்சான்?"

"இந்த இடத்தை வெட்டு. தாலித் தட்டத்தை அக்கா தொடுறது வேண்டாம். சொந்தக்காரர் பாத்தா என்ன சொல்லுவினம்? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டு எண்டா இதைத்தான் சொல்லிக் காட்டுவினம்."

"யோசிச்சுச் சொல்லு கந்தையா. உன்ட அக்கா."

"யோசிக்க ஒண்டும் இல்லை. வெட்டி எறி. இருக்கவே கூடாது."

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. எதையோ இழுத்தாய், தட்டினாய். "சரி, குப்பைக்குள்ள போட்டாச்சு. போதுமா?" என்றாய். அதற்குப் பிறகு அன்று எனக்கு நீ தேத்தண்ணிகூட ஊற்றவில்லை.

இது பாதி. மற்றப் பாதி இன்னும் கேவலம்.

வீட்டில் எல்லாரும் இருந்து வீடியோ பார்த்த அன்று அக்கா வழமைபோல் பின்னுக்கு நிற்கவில்லை. முன்னுக்கு வந்து, நிலத்தில், ரீவிக்குக் கிட்ட இருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முழுக்கலியாணத்தையும் பார்த்தாள். தட்டம் சபையைச் சுற்றினது. உடனே மணவறை வந்தது. அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள், பிறகு வருமாக்கும் என்று. வரவில்லை.

"தம்பி, நான் தட்டம் தொட்டது வரேல்லையே?"

எல்லாரும் இருந்தார்கள். வசந்தி, மகேஸ், சொந்தங்கள். எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"சம்பந்தி வீட்டார் வெட்டச் சொல்லிப்போட்டினம் அக்கா."

அக்கா தலையை ஆட்டினாள். "ஓம், அவ நல்ல மனதோடதான் நீட்டினவ. பிறகு யோசிச்சிருப்பா. பிழை சொல்லேலாது" என்றாள். எழும்பிக் குசினிக்குள் போனாள்.

அக்கா பிழை சொல்லவில்லை. வசந்தி சொன்னாள். அன்றைக்குக் கேட்டதை அவள் விடவே இல்லை. கையால் நீட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் வெட்டச் சொன்ன மனிசி என்று மாமியாரை அன்று முடிவு கட்டினாள். லண்டனுக்குப் போனபிறகும் வருசத்துக்கு இரண்டு தரம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் மாமியாரோடு கதை. பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினது ஒரே ஒரு தரம். ஊரிலும் என் சொந்தங்கள் பூரணம் அம்மாவை அப்படித்தான் பார்த்தார்கள். வீட்டுக்குள் சொன்ன பொய், ஊர் முழுக்கப் போனது. அதனால்தான் இந்தக் கடிதத்தை ஊருக்கு முன்னால் வைக்கிறேன்.

உனக்கு இது தெரியும். நான்தான் சொன்னேன், பெருமை மாதிரி, நல்லாச் சமாளித்துவிட்டேன் என்று. நீ உடனே சொன்னாய்: "மாப்பிள்ளைட அம்மா என்ட கடைக்கு வந்து கேட்டவ. அந்த இடம் எங்க எண்டு. கமெராவுல பழுது, பதியல்ல எண்டு சொல்லிட்டன். உனக்காகச் சொன்ன பொய் மச்சான். இனிக் கேட்காத." பதினைந்து வருசம் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. வேறு எல்லாம் கதைத்தோம்.

வசந்தியின் மூத்தவன் நடக்கத் தொடங்கின மாதம் அக்கா போனாள். அவளுக்குப் பின்னால் இரண்டு வருசத்தில் மகேஸ்.

றிஸ்வானா கணினியை எடுத்துக்கொண்டு போன அன்று பின்னேரம் நான் உள்துறைமுகத்துப் பக்கம் போய்ச் சங்கிலிக்கு இந்தப் புறம் இருந்தேன். அழி என்று சொல்வது லேசு. அவளே சொல்கிறாள், பெட்டிக்கு ஒரு பழுதும் வராது என்று. கணினிக்கும் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கும் வேண்டாம். ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வசந்தி என்னைத் தகப்பன் என்று கூப்பிடுகிற குரல் அப்படியே இருக்கும். நான் இன்னும் எத்தனை நாள்? அதுவரைக்கும் தாங்கும்.

ஆனால் ஒன்று, மச்சான். எனக்கு ஞாபகம் கூர்மை என்று ஊர் சொல்லும். நாள் நிற்கிறது. முகம் நிற்கிறது. யார் எந்தச் சட்டையோடு வந்தார் என்பது நிற்கிறது. குரல் மட்டும் நிற்பதில்லை. அக்கா "தம்பி" என்று கூப்பிடுவாள், ஒரு நாளைக்கு நாற்பது தரம். அந்தக் கூப்பிடு எப்படி இருந்தது என்று நான் எவ்வளவோ நாளாகத் தேடிப் பார்க்கிறேன். வாயசைவு வருகிறது. சத்தம் வருவதில்லை. அந்தத் தொட்டிக்குள் அவளுடைய சத்தம் கிடக்கிறது. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

அடுத்த நாள் றிஸ்வானா வந்தாள்.

"நீ திறந்து பாத்தனியா மகள்?"

"நீங்க சொல்லாம நான் எப்படி மாமா திறக்கிறது? ஆர்டயோ வீட்டுச் சாமான்."

யாருடையதோ வீட்டுச் சாமான். அப்படித்தான் சொன்னாள். நான் "திற" என்றேன்.

உள்ளே முப்பது, நாற்பது கிடந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. கணினி குப்பைக்குள் போடுகிற நேரம் பெயரைப் பிடுங்கிவிட்டுக் கண்டபடி எழுத்தை ஒட்டிவிடுமாம். "இதை எனக்கும் வாசிக்க ஏலாது மாமா. இப்ப நீங்களும் நானும் ஒண்டுதான்" என்று சிரித்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒன்றில் உன் செருப்பும் நிலமும் மட்டும் ஓடினது, கமெராவை நிறுத்த மறந்து நடந்திருக்கிறாய். ஒன்றில் ஒரு ஆடு. ஒன்றில் பந்தல்காரனோடு நீ சண்டை: "லைற்றுக்குக் குறுக்க நிக்காதடா, உன்னையா கட்டிக் குடுக்கிறாங்க?"

றிஸ்வானாவின் கை அப்படியே நின்றது.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நீ எடுத்த வீடியோ எதிலும் நீ இல்லை, மச்சான். உன் சத்தம் விழுந்த இடமெல்லாம் நீயே வெட்டிவிட்டுத்தான் ஆட்களுக்குக் கொடுப்பாய். அதற்கு மேல் நாதஸ்வரத்தைப் போட்டு மூடுவாய். உன் மகளிடம் உன் சத்தம் ஒரு சொல்லும் இல்லை. உன்னுடைய பழைய போனும் உன்னோடேயே பழுதாய்ப் போனது. வெட்டின அவ்வளவும் இந்தத் தொட்டிக்குள் கிடக்கிறது. "வாப்பா" என்றாள். அவ்வளவுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பந்தல்காரனோடு நீ போட்ட சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டாள். நேற்று நான் அழி என்று சொன்னது இதைத்தான்.

பிறகு, கடைசிக்கு முதல், அது வந்தது.

குசினி வாசல். வெற்றிலைக் கும்பம். பக்கத்தில் மகேஸ், சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு. பின்னால் வெற்றிலை அடுக்குகிற பக்கத்து வீட்டு மனிசி. அக்கா நிமிர்கிறாள். தட்டத்தைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொள்கிறாள், சின்னப்பிள்ளை மாதிரி.

"ஐயோ தங்கச்சி, வேண்டாம். நான் தொடக் கூடாது."

"ஆர் சொன்னது? நீங்கள் வளத்த பிள்ளைக்குத்தானே அக்கா கட்டப்போறம். தொடுங்கோ. நீங்கள் தொடாமல் நான் இதைக் கொண்டுபோகமாட்டன்."

அக்கா மகேஸைப் பார்க்கிறாள். மகேஸ் தலையை ஆட்டுகிறாள். அக்கா வெற்றிலை ஈரத்தைச் சீலையில் துடைத்துவிட்டு ஒரு விரலால், ஒரே விரலால், கூறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பிறகு யாரையோ தேடி "தம்பி எங்க? தம்பி!" என்று கூப்பிடுகிறாள்.

அந்தச் சத்தம், மச்சான். கொஞ்சம் மூக்கால் வரும். நான் மறந்தது அதைத்தான்.

பூரணம் அம்மா உன் பக்கம் திரும்புகிறார். "கமெராத் தம்பி, இதை எடுத்தனீங்களோ?"

"எடுத்திட்டன் அம்மா."

"ஆரும் சொல்லுகினம் எண்டு பிறகு வெட்டிப் போடாதையுங்கோ. எனக்கு இது வேணும்."

"நான் வெட்டுவனா அம்மா? வெட்டினா என்ட கையை வெட்டுங்க." நீ சிரிக்கிறாய். கமெரா ஆடுகிறது.

உன் கடையில் நான் இந்த இடத்துக்கு வரமுதலே எழும்பிவிட்டேன். அதனால் இதற்கு அடுத்ததையும் காணவில்லை. அக்கா கூப்பிட்ட பக்கம் நீ கமெராவைத் திருப்புகிறாய். அங்கே தூணோடு ஒருவன் நிற்கிறான். பட்டு வேட்டி, புதுச் சால்வை, பல்லில்லாத வாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறான். சந்தோசத்தில் சிரிக்கிறான்.

நான் அங்கே நின்றேனா? பார்த்துக்கொண்டா நின்றேன்? சத்தியமாக என் தலைக்குள் அது இல்லை. மூட்டையின் தையலையே மறக்காதவன். அவள் தொட்டபோது எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கிறது. ஒரு கிழமைக்குள் அது எங்கே போனது? சொந்தக்காரர் யாரும் ஒரு சொல் சொல்லவில்லையே. சொல்லப்போகிறார்கள் என்று நானே பயந்து, நானே வெட்டி, அந்தப் பழியை அக்காவுக்குத் தட்டம் நீட்டின கையிலேயே கட்டிவிட்டேன்.

"இவ்வளவு வடிவா இரிக்கு. இதை ஏன் மாமா வாப்பா எறிஞ்சாரு?" என்று றிஸ்வானா கேட்டாள்.

"உன்ர வாப்பா எறியேல்லை. நான்தான் எறியச் சொன்னனான்."

எல்லாம் சொன்னேன். அவள் எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். நீ அன்றைக்கு ஊற்றாத தேத்தண்ணி.

அந்த முதல் இரண்டு போல்டரையும் அழித்துவிட்டோம், மச்சான். ஒன்றைக் கணினி உடனே திரும்ப எழுதிக்கொண்டது. மற்றதுக்குள் ஒன்றும் இல்லை, அவள் பார்த்துவிட்டுத்தான் அழித்தாள். தொட்டியில் கிடந்த அவ்வளவையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டோம். நான் சொன்னேன், அவள் எழுதினாள். ஆட்டுக்கும் பெயர் உண்டு. பெட்டி பள்ளிக்கூடத்துக்குப் போகாது. வேறு வாங்கிக் கொடுக்கிறாளாம்.

ஒன்று கேட்கவேண்டும். நீ ஏன் தொட்டியைக் கொட்டவில்லை? அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகவா? எனக்கு என்றைக்காவது புத்தி வரும் என்று வைத்திருந்தாயா? அல்லது, உன்னை எனக்குத் தெரியும்தானே, சும்மா மறந்துதான் போனாயா? மூன்றில் எது என்றாலும் எனக்குச் சரி. ஆனால் தெரிந்தால் நல்லம்.

போன செவ்வாய்க்கிழமை வசந்திக்குச் சொன்னேன். றிஸ்வானா அந்தத் துண்டை அனுப்பினாள், அவள் பார்த்தாள், பிறகு எடுத்தாள்.

"அப்பா, பெரியம்மா இதைப் பாக்காமலே போயிட்டா" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"மாமி இத்தனை வருசமா என்னட்ட ஒரு சொல்லும் கேக்கேல்லை. நான் ஏன் முகம் திருப்பிறன் எண்டுகூடக் கேக்கேல்லை."

"ஓம்."

அதோடு போனை வைத்துவிட்டாள். இன்றைக்கு ஆறு நாள். வழமையாக ஒன்றுவிட்ட ஒருநாள் எடுக்கிற பிள்ளை. நானும் எடுக்கவில்லை. எடுக்கிறதற்கு எனக்கு என்ன வாய் இருக்கிறது?

இந்த இடத்தில் றிஸ்வானா பேனையை வைத்துவிட்டுக் கேட்கிறாள்: "இதையும் போடணுமா மாமா? இவ்வளவும் ஊருக்குத் தெரியணுமா?"

போடு மகள். வெட்டாதே.

உனக்கு ஒரு வாக்குச் சொல்கிறேன், நூர்தீன். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. உன் மகளோடு ஓட்டோவில் அன்புவழிபுரம், சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன். வாசலில் நின்று கதைத்துவிட்டு வரமாட்டேன். இருக்கக் கதிரை தந்தாலும் தராவிட்டாலும் உள்ளே போய் அந்த இரண்டு நிமிடத்தை முழுக்கக் காட்டுவேன், தூணோடு நிற்கிற என்னையும் சேர்த்து. கமெராவில் பழுது இல்லை என்று சொல்வேன். உன் பெயரில் ஒரு சொல்லும் விழவிடமாட்டேன். அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஏசாவிட்டால்தான் எனக்குக் கஷ்டம்.

அந்தத் துண்டில் உள்ள ஆட்களை நேற்று எண்ணிப் பார்த்தேன். அக்கா இல்லை. மகேஸ் இல்லை. வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மனிசி போன மாரியோடு போனாள். படத்தில் வராமல் சிரித்த நீயும் இல்லை. தூணோடு நிற்கிறவனைக் கணக்கில் எடுக்காதே. இனிப் போய் மன்னிப்புக் கேட்க மிச்சம் ஒரே ஒருவர். புருசனைப் பறிகொடுத்து ஐந்து வருசம். இப்போது கலியாண வீடுகளில் அவரும் குசினி வாசலில்தான் நிற்கிறாராம்.

பூரணம் அம்மா.

பெருவிரல் அடையாளம் வைத்தது,
உன் மச்சான் கந்தையா